பாசிமணிப் பாம்பின் பூர்வீகம்

கடந்த ஆண்டு புத்தளத்தில் வெளியிடப்பட்ட சிறப்பு மலரொன்றில் இடம்பெற்ற ஒரு கட்டுரை நமது வட்டத்தில் பரவலாகச் சிலாகிக்கப்பட்டது. மலரைப் பற்றி எழுதிய மூவரும் அக்கட்டுரையைத் தனியே எடுத்துப் பாராட்டியிருந்தார்கள். வெளியீட்டு விழாவில் அதிலிருந்து ஒரு பகுதியை வாசித்தவரின் குரல் தழுதழுத்ததை நானும் கண்டேன். அந்தப் பாராட்டில் பங்கெடுக்க முடியாதவனாக நான் இருக்கிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கட்டுரையின் பொருள் ஒரு பாம்பு. சின்னஞ்சிறு கண்ணாடிப் பாசிமணிகளைப் பஞ்சு நூலில் கோத்துப் பின்னிய பாம்பு. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான நீளம். முதுகில் கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாய்சதுரங்கள். வயிற்றுப்புறம் வெள்ளை. அந்த வெள்ளையில் நீல மணிகளால் ஆங்கில எழுத்தில் 'டர்க்கிஷ் பிரிஸனர்ஸ் 1917' என்று இருக்கிறது. துருக்கியக் கைதிகள் என்று பொருள்.

கட்டுரையாளரின் பூட்டனார் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பழைய சாமான் வியாபாரம் செய்தவர். அவர் 1917இல் ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது மக்காவில் சிறைப்பட்டிருந்த துருக்கிய வீரர் ஒருவரைக் கண்டு ஸலாம் சொன்னாராம். கிலாபத் வீழப்போவதை அறிந்திருந்த அந்த வீரர், இலங்கை முஸ்லிம்களுக்கு அமானிதமாகத் தன் கையால் பின்னிய பாம்பைக் கொடுத்தனுப்பினாராம். இதுதான் கட்டுரையின் மையம். ஒன்பது பக்கக் கட்டுரையில் ஏறத்தாழ ஏழு பக்கங்கள் இஸ்தான்பூலுக்கும் கலீபாவுக்கும் போயிருக்கின்றன. பாம்பின் உடலுக்கு அரைப் பக்கம். 1990க்கு நான்கு வரிகள்.

கட்டுரையாளர் எனக்கு நன்கு தெரிந்தவர். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். மலருக்கு நான் எழுத நினைத்திருந்த மதிப்புரையில் எனது சந்தேகங்களைக் குறிப்பிடப்போவதாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "காக்கா, வந்து சாமானைப் பாத்திட்டு எழுதுங்க. பாக்காம எழுதாதீங்க" என்றார். நியாயமான கோரிக்கை. நம்மில் மதிப்புரை எழுதுவோர் பலர் நூலையே முழுமையாகப் பார்ப்பதில்லை. நான் போனேன். ஒரு பழைய பிஸ்கட் பேணிக்குள் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாம்பு போலியல்ல. இதுபோன்ற பாசிமணிப் பாம்புகள் உலகெங்கும் இருக்கின்றன. கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய யுத்த ஞாபகார்த்த நிலையத்தின் சேகரிப்பில் உண்டு. எகிப்திலும் பலஸ்தீனத்திலும் போரிட்டுத் திரும்பிய அவுஸ்திரேலிய, நியூசிலாந்து, ஆங்கிலேயச் சிப்பாய்களின் வீடுகளில் அவை நூற்றாண்டு காலமாகக் கிடந்திருக்கின்றன. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியரிடம் பிடிபட்ட உஸ்மானியப் படையினரின் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டும். எகிப்தில் ஹீலியோபொலிஸ், மஆதி, சீதி பிஷ்ர் முதலான இடங்களிலும், சைப்பிரஸிலும், மெசபொத்தேமியாவிலும், இந்தியாவில் பெல்லாரியிலும், பர்மாவில் தயெத்மியோவிலும் அவர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பிரதிநிதிகள் 1916 டிசம்பரிலும் 1917 ஜனவரியிலும் எகிப்திய முகாம்களுக்குச் சென்று பார்த்து எழுதிய அறிக்கை அச்சில் வந்திருக்கிறது. நிறப் பாசிமணிகளால் பைகளும் மாலைகளும் வளையல்களும் செய்துகொண்டிருந்த கைதிகளை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே இது ஒரு முகாமின் சாமான். எந்த முகாம், யார் கை, யாருக்காக என்பவைதான் கேள்விகள். கட்டுரை இக்கேள்விகளைக் கேட்கவேயில்லை. எழுத்தில் 'துருக்கியக் கைதிகள்' என்று இருக்கிறது, ஆகவே ஒரு துருக்கியக் கைதி தந்தார் என்று முடித்துவிடுகிறது. ஒரு கவிதையைத் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு விமர்சிப்பதற்கு ஒப்பானது இது.

பாம்பை உடலாக வாசிக்க எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரை அழைத்துப் போனேன். என் மனைவியின் மாமி. எழுபது வயதைக் கடந்தவர். வெள்ளை நூலில் தொழுகைத் தொப்பி பின்னிப் பின்னியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். நுனியில் கொளுக்கியுள்ள அந்தச் சின்ன ஊசியை ஐம்பது வருடமாகக் கையில் வைத்திருப்பவர். பாம்பைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக அருகே வைத்துப் பார்த்தார். "இது நெசவில்ல வாப்பா. நம்மட தொப்பிப் பின்னல்தான். சுத்திச் சுத்திப் போகுது. ஆனா மணியெல்லாம் முதல்லயே நூலில கோத்தாச்சு" என்றார்.

அவர் சொன்னதை விளக்க வேண்டும். இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான தகவல் அதுதான். இத்தகைய பின்னலில் ஒரு மணியைப் பின்னி அடுத்த மணியைத் தேடி எடுப்பதில்லை. எந்த நிறம் எந்த இடத்தில் வரவேண்டும் என்று எண்ணி, அத்தனை மணிகளையும் முன்கூட்டியே நூலில் வரிசையாகக் கோத்துவிட வேண்டும். பிறகுதான் ஊசி. கடைசியாகக் கோத்த மணி முதலில் பின்னலுக்குள் போகும். அதாவது எழுதப்போகும் வாசகத்தைத் தலைகீழாக, மணி மணியாக எண்ணிக் கோத்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒரு மணி தவறினால் அதற்குப் பிறகு வரும் அத்தனையும் ஒரு இடம் நகர்ந்துவிடும். தொப்பியில் ஒரு பூ பிசகினால் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னலாம். இதில் பிரித்தாலும் நூலில் மணி அப்படியே இருக்கும், வரிசை மாறாது. பிசகிய மணியை உடைத்தெடுக்கலாம், விடுபட்ட மணியைச் சேர்ப்பதற்கு நூலை வெட்டத்தான் வேண்டும் என்றார் மாமி.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் பெறப்படுகின்றன.

ஒன்று, வாசகம் பின்னாளில் யாரோ சேர்த்ததல்ல. உடலும் எழுத்தும் ஒரே வேலை, ஒரே கை. இதன் பெறுமதி என்ன என்பதை யுத்தகாலக் கைவினையின் இன்னொரு வகையோடு ஒப்பிட்டால் விளங்கும். அதே யுத்தத்தில் பித்தளைப் பீரங்கி வெடியுறைகளைச் செதுக்கிப் பூச்சாடிகளாகச் செய்தார்கள். ஆங்கிலத்தில் இதையெல்லாம் அகழிக் கலை என்று அழைப்பது வழக்கம். பதுங்கு அகழிக்குள் உட்கார்ந்து செய்யப்பட்டவை அவற்றில் கொஞ்சமே. நிக்கொலஸ் சோண்டர்ஸ் என்ற மானிடவியலாளர் 2003இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வெடியுறையின் அடியில் தொழிற்சாலை முத்திரையும் ஆண்டும் இருக்கும். 1916 என்றிருந்தால் அந்த உறை செய்யப்பட்ட ஆண்டு 1916 என்பது மட்டுமே நிச்சயம். மேலே செதுக்கிய பூவும் போர்க்களப் பெயரும் யுத்தம் முடிந்தபிறகு, மாண்டவர்களின் கல்லறைகளைப் பார்க்க வந்த குடும்பங்களுக்கு விற்பதற்காகப் பெல்ஜியத்திலோ வட பிரான்ஸிலோ ஒரு கிராமத்துக் கொல்லன் 1925இல் செதுக்கியதாகவும் இருக்கலாம். வெடியுறையில் உடலுக்கு ஒரு வயது, எழுத்துக்கு இன்னொரு வயது. நமது பாம்பில் அந்தப் பிரிவு இல்லை. ஆகவே 1917 என்ற ஆண்டை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மற்றது, பின்னியவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. 'பிரிஸனர்ஸ்' என்ற சொல்லின் நடுவிலுள்ள 'என்' எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறியிருக்கிறது. கடைசி 'எஸ்' எழுத்தும் அப்படியே. எழுத்தை எழுத்தாக அறிந்த ஒருவர் இதைச் செய்யமாட்டார். யாரோ ஒரு தாளில் எழுதிக்கொடுத்ததைப் பூவேலைபோல எண்ணிக் கோத்திருக்கிறார். மணி எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. சாய்சதுரங்கள் வாலின் கடைசி விரலளவு வரை அச்சொட்டாகப் போகின்றன. கை தேர்ந்த கை. எழுத்துத்தான் அந்நியம்.

யாருக்கு அந்நியம்? துருக்கிய மொழி 1928 வரை அரபெழுத்திலேயே எழுதப்பட்டது. 1917இல் எழுத வாசிக்கத் தெரிந்த உஸ்மானியச் சிப்பாய் அறிந்த எழுத்து நமது குர்ஆனின் எழுத்து. யாழ்ப்பாணத்துப் பூட்டனாரின் நிலை என்ன? கட்டுரையே சொல்கிறது, அவர் அரபுத்தமிழில் கணக்கெழுதியவர், ஆங்கிலம் அறியாதவர். இப்போது மக்காவில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சந்திப்பைக் கற்பனை செய்து பாருங்கள். கொடுப்பவர் அரபெழுத்து அறிந்தவர். பெறுபவர் அரபெழுத்து அறிந்தவர். இருவரும் முஸ்லிம்கள். ஒருவர் மற்றவருக்குக் காலமெல்லாம் நினைவிருக்கவென்று கொடுக்கும் ஹதியாவில் இருவராலும் வாசிக்க முடியாத எழுத்தில் வாசகம் எதற்கு? பிஸ்மி எழுதியிருக்கலாம். பெயரை எழுதியிருக்கலாம். ஒன்றும் எழுதாமலும் விட்டிருக்கலாம்.

அந்த எழுத்து மூன்றாவது ஒருவருக்காக எழுதப்பட்டது. வேலிக்கு வெளியே நின்று காசு கொடுத்து வாங்கியவருக்காக. காவல் நின்ற ஆங்கிலேயச் சிப்பாய், விடுமுறையில் கெய்ரோ பார்க்க வந்த அவுஸ்திரேலியக் குதிரைப்படையாள், ஊருக்குத் திரும்பும்போது தாயாருக்கு ஒரு சாமான் கொண்டுபோக விரும்பியவன். அவன்தான் இந்தப் பாம்பின் முதல் வாசகன்.

வரலாறும் மக்காக் கதைக்கு இடம் தருவதாயில்லை. ஷரீப் ஹுஸைனின் கிளர்ச்சி 1916 ஜூனில் தொடங்கியது. ஜித்தா அந்த மாதமே வீழ்ந்தது, ஜூலையில் மக்காக் காவற்படை சரணடைந்தது, செப்டெம்பரில் தாயிப். பிடிபட்டவர்கள் கடல்வழியே எகிப்துக்கு அனுப்பப்பட்டார்கள். மதீனாவில் மட்டும் பஃக்ரி பாஷா 1919 ஜனவரி வரை முற்றுகைக்குள் தாக்குப்பிடித்தார். 1917இன் ஹஜ் செப்டெம்பர் கடைசியில் வந்தது. அப்போது மக்காவுக்குப் போன ஒருவர் அங்கே கண்ணாடி மணி வாங்கி, ஆங்கில எழுத்தில் பாம்பு பின்னிக்கொண்டிருந்த துருக்கியக் கைதியைக் கண்டார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பூட்டனார் ஹஜ் செய்தார் என்பதை நான் மறுக்கவில்லை. பாம்பு அவரோடு வந்தது என்பதைத்தான் மறுக்கிறேன்.

அப்படியானால் எப்படி வந்திருக்கும்? வழிகள் உண்டு. இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல்களெல்லாம் போர்ட் சைட்டில் நின்றுதான் வந்தன. இலங்கைத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படைப்பிரிவொன்று 1914 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து எகிப்துக்குப் போனது. இப்பாம்பு அதற்குப் பிந்தியது என்றாலும், எகிப்தில் சேவை செய்து இலங்கை மீண்ட துரைமார் ஒருவர் இருவரல்லர். துரைமார் ஊரைவிட்டுப் போகும்போது பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வருவது வழமை. பூட்டனார் செய்தது பழைய சாமான் வியாபாரம். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் அவரே அதை எழுதியிருக்கிறார். எழுதியவருக்கே தன் கையிலிருந்த திறப்பு தெரியவில்லை! நான் இதை நிரூபிக்கப்பட்ட உண்மையாக வைக்கவில்லை. மக்காவைவிட ஏலக்கடை பலமடங்கு சாத்தியமானது என்கிறேன், அவ்வளவே.

ஆண்டை நம்புகிறேன் என்றேன். 'துருக்கிய' என்ற சொல்லை நம்பவில்லை. அதுவும் வாங்கியவனின் சொல். உஸ்மானியப் படையில் துருக்கியர் மட்டுமா இருந்தார்கள்? அரபிகள், குர்திகள், ஆர்மேனியர், கிரேக்கர், யூதர் எல்லோரும் இருந்தார்கள். ஜஃபர் அல் அஸ்கரி பக்தாதில் பிறந்தவர். உஸ்மானியப் படை அதிகாரியாக 1916இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் பிரித்தானியரிடம் பிடிபட்டுக் கெய்ரோக் கோட்டையில் அடைக்கப்பட்டார். பிறகு பைஸலின் பக்கம் சேர்ந்து அதே உஸ்மானியருக்கு எதிராகப் போரிட்டார். 1923இல் ஈராக்கின் பிரதமரானார். கோட்டையில் இருந்த நாட்களில் அவரும் வேலிக்கு வெளியே நின்றவனுக்கு ஒரு 'துருக்கியக் கைதி'தான். நமது பாம்பைப் பின்னியவர் ஹலபிலிருந்து வந்த அரபியாக இருக்கலாம், அனத்தோலியக் குடியானவராக இருக்கலாம், முஸ்லிம் அல்லாதவராகவும் இருக்கலாம். சந்தையில் 'துருக்கியக் கைதி' விலைபோனது. ஆகவே அவர் அப்படியே தன்னை எழுதிக்கொண்டார். அல்லது எழுதிக்கொடுத்ததைப் பின்னினார்.

இதைத் தமிழ் பேசும் முஸ்லிமுக்கு விளக்கவும் வேண்டுமா? துருக்கியையே கண்டிராத தென்னாட்டு முஸ்லிம்களுக்குத் தமிழில் துலுக்கர் என்ற பெயர் வந்ததே இந்தச் சொல்லிலிருந்துதான். மொரோக்கோவையே கண்டிராத நமக்குப் போர்த்துக்கேயர் மூர் என்று பெயரிட்டார்கள். நாமும் அதைப் பிறப்புச் சான்றிதழில் எழுதிக்கொண்டோம். பிறர் வைத்த பெயரைத் தன் கையாலேயே பின்னிய அந்தக் கைதியை நம்மைவிட நன்றாக யார் வாசிக்க முடியும்? கட்டுரையாளர் இந்த இடத்தைத் தொட்டிருந்தால் நான் இந்த விமர்சனத்தை எழுதியிருக்கவே மாட்டேன். அவரோ அந்தப் பெயரைக் கிரீடமாக எடுத்துத் தன் குடும்பத்தின் தலையில் வைக்கிறார்.

இது அவருடைய தனிப்பட்ட குறை என்று நான் கருதவில்லை. நமது எழுத்தில் நீண்டகாலமாக இருந்துவரும் ஒரு போக்கு. சித்திலெப்பை 1885இல் எழுதிய அசன்பே சரித்திரத்தின் நாயகன் எகிப்தில் பிறந்தவன். அதற்கு அக்காலத்தில் காரணம் இருந்தது. ஒறாபி பாஷா 1883இல் நாடுகடத்தப்பட்டு இங்கே வந்து 1901 வரை வாழ்ந்தார். அவரது துருக்கித் தொப்பி நமது தொப்பியாயிற்று. 1905இல் சட்டத்தரணி அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது என்று தடுக்கப்பட்டபோது சமூகமே திரண்டெழுந்து மருதானையில் கூடியது. குடியேற்ற ஆட்சியின்கீழ் சிறுபான்மையாக இருந்தவர்களுக்கு வெளியே ஒரு கலீபா இருக்கிறார் என்ற நினைப்பு முதுகெலும்பாக இருந்திருக்கும். அதை நான் பரிகசிக்கவில்லை. நூறு வருடங்களுக்குப் பிறகும் நமது பொருளொன்றுக்குப் பெறுமதி வரவேண்டுமானால் அது இஸ்தான்பூலிலிருந்தோ மக்காவிலிருந்தோ வந்திருக்க வேண்டும், சோனகதெருவில் நடந்தது போதாது என்று எண்ணுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு குரலையும் கேட்டேன். எனது இந்த முடிவுகளைச் சொன்னபோது நண்பரொருவர், நவீனத்துவம் பேசுபவர், "அப்ப அது வெறும் உல்லாசப் பயணிகளுக்கு விக்கிற சாமான். அதில என்ன இருக்கு?" என்றார். இதையும் நான் நிராகரிக்கிறேன். விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பதால் ஒரு பொருள் பொய்யாகிவிடாது. முகாம் உணவுக்கு மேலே ஒரு சிகரெட்டோ சீனியோ வாங்கவும், நாளை எப்படியோ கடத்தவும் கைதிக்கு இருந்த வழி அது. முத்ரோஸ் போர்நிறுத்தம் 1918 ஒக்டோபர் 30இல் கையெழுத்தானது. எகிப்திய முகாம்களிலிருந்து பலர் வீடு திரும்ப 1919, 1920 ஆனது. அதுவரை மணி கோக்கத்தான் வேண்டியிருந்தது. அனத்தோலியாவில் துணி விளிம்புக்கு ஊசிப் பூவேலை செய்வது பெண்களின் வேலை. படைவீரன் முள்வேலிக்குள் உட்கார்ந்து தாயும் சகோதரியும் செய்யக் கண்ட வேலையை எதிரியின் எழுத்தில் செய்கிறான். கண்ணீர் தேடுபவர்கள் இங்கே தேடலாம். மாமி தொப்பி பின்னி விற்றதும் விற்பனைதான். அந்தத் தொப்பியைப் போட்டுத் தொழுதவர்களின் தொழுகைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனித் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி பாம்பை வாலிலிருந்து தலைவரை விரலால் தடவிக்கொண்டு வந்தவர், கழுத்தில் நின்றார். "இந்த இடம் வேற கை" என்றார். கழுத்தைச் சுற்றி ஏழெட்டுத் தையல்கள். நூல் தடிப்பாக, வழுவழுப்பாக இருந்தது. வெளியே நீண்டுகொண்டிருந்த நூல் முனையில் மயிரிழை அளவு வெட்டி நெருப்புக்குச்சியைக் காட்டினார். பஞ்சு எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு உருகிக் கறுப்புப் பொட்டாயிற்று. நைலோன். பெரிய மகன் தன் கடையிலிருந்து கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் கொண்டுவந்தார். உடலில் பெரும்பகுதி இருளாகவே இருக்க, கழுத்துத் தையல் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தது. (அந்த விளக்கை மட்டும் நம்பிவிடக்கூடாது. சவர்க்காரத் தூளில் கழுவினால் பழைய பஞ்சு நூலும் ஒளிரும். உருகியதுதான் எனக்குப் போதுமான சாட்சி.) நைலோன் என்ற பொருள் 1938க்குப் பிறகுதான் உலகுக்கு வந்தது. எந்தக் கைதியும் அந்தத் தையலைப் போட்டிருக்க முடியாது.

உள்ளறையில் இருந்த கட்டுரையாளரின் உம்மா அப்போதுதான் வாசலுக்கு வந்தார். "அது நான் தைச்சது" என்றார்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்ட நாள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். உம்மாவின் இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. இதை எழுதிய அதே பிள்ளை. அது அழாமலிருக்க விளையாடக் கொடுத்த பாம்பு அதன் கழுத்தில் சுற்றிக்கிடந்திருக்கிறது. சோதனையில் காப்பையும் தோட்டையும் கழற்றி எடுத்தார்கள். உறுதிப் பத்திரங்கள் இருந்த பையை எடுத்தார்கள். ஒரு பெண் பாம்பையும் இழுத்துப் பார்த்தாள். கண்ணாடி மணி என்று கண்டதும் பிள்ளையின் மடியில் திரும்பப் போட்டாள். இழுத்த இழுப்பில் தலை அறுந்து தொங்கியது. கற்பிட்டிப் பக்கத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த முதல் மாதம், மீன் வலை பொத்தும் நூலில் ஒரு முழத்தைப் பக்கத்துக் கொட்டிலில் வாங்கி உம்மா அதைத் தைத்திருக்கிறார். "பிள்ளை தலையில்லாத பாம்பைக் கண்டு பயந்திச்சு. அதுக்குத்தான்."

கட்டுரையில் இது இல்லை. நான்கு வரிகளில், இடம்பெயர்வின்போதும் இந்த அமானிதம் பாதுகாக்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது உம்மாட கதை காக்கா. எல்லார் வீட்டிலும் இருக்கிற கதை. எழுதினா என்ன புதுசு?" என்றார். வெளியேற்றத்தைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம் என்ற எண்ணம் இளையவர்களிடம் இருக்கிறது. எழுதியவற்றில் பெரும்பகுதி பொதுப்படையான ஒப்பாரி என்பதால் அப்படித் தோன்றுகிறது போலும். ஏழெட்டு நைலோன் தையலைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. யார் செய்தார், எப்போது, எதனால், எதற்காக என்ற நான்கு கேள்விக்கும் இந்தப் பாம்பில் விடை உள்ள ஒரே இடம் அந்தக் கழுத்துத்தான்.

மலருக்கு அடுத்தபடியாக ஒரு காட்சி ஏற்பாடாகியிருக்கிறது. வடபுல முஸ்லிம்களின் பழைய பொருட்களைச் சேர்த்து மூன்று நாள் வைக்கப்போகிறார்கள். பாம்பும் போகிறது. ஏற்பாட்டாளர்கள் விளக்க அட்டைக்கு மூன்று வரி கேட்டிருந்தார்கள். கட்டுரையாளர் எழுதியனுப்பிய மூன்று வரியிலும் கலீபா இருந்தார். எனது மறுப்பைக் கேட்டபின் ஒரு வாரம் அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை. பிறகு ஒரு இரவு அழைத்தார். அட்டையைத் திருப்பி வாங்கிவிட்டதாகவும், ஏற்பாட்டாளர்கள் வேறொன்று கேட்பதாகவும் சொன்னார். கழுத்திலுள்ள நைலோன் அசிங்கமாகத் தெரிகிறதாம். பிரித்தெடுத்துவிட்டுப் பழைய பாணியில் பஞ்சு நூலால் தைத்துத் தரமுடியுமா என்று மாமியிடம் கேட்கச் சொன்னார்களாம்.

மாமியிடம் கேட்டேன். தைக்கத் தெரியும், ஆனால் தைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அட்டைக்கு இன்னும் மூன்று வரி எழுதப்படவில்லை. உம்மாவிடம் கேட்டு எழுதும்படி சொல்லியிருக்கிறேன்.